எல்லாரும் வந்தாச்சா

வீட்டுக்கு வரவேண்டிய கடைசி ஆள் வாசற்படி தாண்டும்வரை விளக்கு அணையாது என்று சிந்தலக்குளத்தில் ஆகிப்போய், ஊரும் அதற்குப் பழகி, மறுபடி தண்ணீர் லாரியைப் பற்றியும் மில் முதலாளியைப் பற்றியும் குறைபேச ஆரம்பித்திருந்த சமயத்தில், அந்த ஊரிலேயே பெரிய சந்தேகக்காரி என்று பெயரெடுத்திருந்த சுப்புத்தாயின் மகளைப் பெண் பார்க்கச் சாத்தூரிலிருந்து ஆள் வருவதாகச் சேதி வந்தது.

சுப்புத்தாயின் சந்தேகம் ஒன்றும் நேற்று முளைத்ததில்லை. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டு அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பாள். கடையில் தராசு முள்ளைப் பார்க்காமல் கடைக்காரர் கண்ணைப் பார்ப்பாள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். யாராவது காரணமில்லாமல் சிரித்துப் பேசிவிட்டால் அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது. அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் அவளுடைய கொழுந்தன் தவசி. பாசம் ஒரு காரணம். தவசிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது இன்னொரு காரணம். பொய் சொல்ல வேண்டுமென்றால் நடந்ததை ஒன்றாகவும் சொல்வதை வேறாகவும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், அந்தச் சாமர்த்தியம் அவனுக்குக் கிடையாது.

அவள் குருசாமியைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தபோது தவசி அரைஞாண் கயிறும் வாயில் விரலுமாக நின்ற பிள்ளை. மாமியார் சீக்கிரம் கண்ணை மூடிவிட்டாள். பிறகு அவனைக் குளிப்பாட்டியதும் ஊட்டியதும், காய்ச்சலில் கிடந்தபோது தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றதும் சுப்புத்தாய்தான். அவன் வயதுப் பையன்கள் பள்ளிக்கூடம் போய், வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, வழுக்கை விழுந்தபோதும் தவசி அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேதான் சந்தைக்கு வந்தான். காதோரம் நரைத்த பிறகுதான் அவனுக்கும் ஒரு வேலை கிடைத்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூடிக்கிடந்த தீப்பெட்டி ஆபீஸ் கட்டடத்தில், மூளை வளர்ச்சி குறைந்த பெரியவர்களுக்கென்று ஒரு தொழிற்பயிற்சிக் கூடம் திறந்தார்கள். போர்டில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. ஊர் அதைப் படிக்காமல் ‘பெரிய பிள்ளைக பள்ளிக்கூடம்’ என்று கூப்பிட்டது. அதை நடத்திய கிருபை டீச்சர் ஆக்குபேஷனல் தெரபி படித்தவர், நாசரேத்துப் பக்கம். எந்த வேலையையும் துண்டு துண்டாக நறுக்கி, கடைசித் துண்டை முதலில் கற்றுக்கொடுப்பது அவர் முறை. சட்டை போடுவதென்றால் மற்ற பொத்தானையெல்லாம் அவரே போட்டுவிட்டுக் கடைசிப் பொத்தானை மட்டும் அவர்களிடம் விடுவார். அது வந்துவிட்டால் அதற்கு முந்தினது. வார்த்தை மாறக் கூடாது, இடம் மாறக் கூடாது, சரியாகச் செய்ததும் நீட்டிய கையில் உடனே ஒரு துண்டு கடலை மிட்டாய் விழ வேண்டும். தவசிக்குச் சட்டை போட வர ஒரு வருஷம் ஆனது. வந்த பிறகு அவன் ஒருநாளும் பொத்தான் தப்பிப் போட்டதில்லை. பஸ் ஸ்டாண்டில் பொத்தான் போடாமல் நிற்கிற விடலைகளுக்கும் போட்டுவிட்டு அடி வாங்கியிருக்கிறான்.

“கத்துக்கிடுறதுதாம்மா இவங்களுக்குக் கஷ்டம். கத்துக்கிட்டாங்கன்னா நம்ம நெனச்சாலும் அதை அழிக்க முடியாது. அதனால எதைக் கத்துக்குடுக்கோம்னு பாத்துக் கத்துக்குடுங்க,” என்று கிருபை டீச்சர் சொன்னபோது, தனக்கே பாடம் எடுக்கிறாரா என்று சுப்புத்தாய் அவரையும் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தாள். ஆனாலும் முறையைக் கற்றுக்கொண்டாள். தவசி வீட்டில் பல் தேய்த்ததும் தட்டைக் கழுவியதும் அப்புறம்தான். அவள் இடுப்புச் சுருக்குப் பையில் கடலை மிட்டாய் இல்லாத நாள் கிடையாது.

கூடத்தில் அவர்கள் செய்தது விளக்குத் திரி. மில்லில் மிஞ்சும் கழிவுப் பஞ்சை வாங்கி, ஒருத்தர் தூசி பொறுக்க, ஒருத்தர் இழுத்து மெலிதாக்க, ஒருத்தர் திருநீற்றைத் தொட்டு உருட்ட, கடைசியில் முனையை முறுக்குவது தவசி. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஆட்களைக் கூட்டிவரும் வேன் சின்னது, அதனால் இரண்டு தடவையாக ஓடும். இரண்டாம் நடையில் வருகிறவர்களும் உள்ளே வந்து உட்காரும்வரை முதல் நடைக்காரர்கள் பஞ்சைத் தொட மாட்டார்கள். கேட் பக்கம் நின்று முகம் முகமாகப் பார்த்து, “எல்லாரும் வந்தாச்சா?” என்று கேட்பதைத் தவசி தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டான். “வந்தாச்சு” என்று அத்தனை பேரும் சொன்ன பிறகுதான் வேலை. நாளடைவில் ஒவ்வொரு திரியின் முனையை முறுக்கும்போதும் அவன் சுற்றுமுற்றும் பார்த்து அதையே கேட்டான். அந்தக் கேள்விதான் பஞ்சுக்குள் போய்விட்டது என்று பின்னால் ஊர் சொல்லிக்கொண்டது. மதுரையிலிருந்து படித்தவர் ஒருவர் வந்து திரியைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்து பார்த்துவிட்டு, இது பஞ்சுதான் என்று சொன்னார். அது எங்களுக்கே தெரியுமே என்று அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினார்கள்.

முதலில் கண்டது சுப்புத்தாய்தான். ஆடிக் காற்றில் தெருவே புழுதியாய்ப் பறந்த ஒரு சாயங்காலம், எல்லா வீட்டு விளக்கும் ஏற்றிய கையோடு போய்விட, தவசி கொண்டுவந்து கொடுத்திருந்த திரி மட்டும் அவள் வீட்டு மாடத்தில் ஆடாமல் நின்று எரிந்தது. வேனுக்கு டயர் பஞ்சராகி அன்றைக்குத் தாமதம். அவள் விளக்கில் என்ன கலந்திருக்கிறது என்று முகர்ந்தாள். முறத்தால் விசிறினாள். வாயால் ஊதியும் பார்த்தாள், விளக்கை ஊதக் கூடாது என்று தெரிந்தும். எண்ணெய் வற்றியும் வெறும் திரி எரிந்தது. வேன் வந்து, தவசி செருப்பை உள்பக்கமே கழற்றி எறிந்துவிட்டு, “எல்லாரும் வந்தாச்சா?” என்று நுழைந்ததும் சுடர் தானாகத் தாழ்ந்து அடங்கியது. அவள் உடனே சந்தேகப்பட்டது எண்ணெய்க் கடைக்காரரை. பிறகு பக்கத்து வீட்டுக்காரியை. எட்டு வீடு தள்ளி ஒருத்தி அதே திரியைப் போட்டு, அங்கேயும் இதே கதை என்று தெரிந்த பிறகுதான் திரியிடம் வந்தாள்.

ஏற்றிய விளக்கு தானாகப் போவது நல்லதில்லையே என்று பெண்கள் முதலில் பயந்தார்கள். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். அணையவில்லை, குளிர்ந்தது என்று சொன்னால் தோஷமில்லை. ஆள் வந்தால் விளக்கு குளிரும், அவ்வளவுதான். எல்லாரும் வீட்டில் இருக்கும்போது ஏற்றினால் ஏற்றிய கையோடு குளிரும். இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்றாகிவிட்டது.

ஆனால் ஊர் கெட்டது அதற்குப் பிறகுதான். ஒரு வீட்டு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறதென்றால் அந்த வீட்டில் யாரோ வரவேண்டியிருக்கிறது என்று தெருவுக்கே தெரியும், அந்த யாரோ யார் என்று யோசிக்கத் தெரு முழுக்க ஆட்களும் இருந்தார்கள். தன் தம்பியோடு பேச்சுவார்த்தையே கிடையாது என்று கோர்ட்டுவரை போய்ச் சத்தியம் பண்ணியிருந்த மிக்சர் கடைக்காரர் வீட்டு விளக்கு, பாகம் பிரித்துப் போன தம்பி ஒருநாள் எதற்கோ உள்ளே வந்து எட்டிப்பார்க்கும்வரை குளிரவில்லை. அவர் வெட்கத்தில் கடையைத் திறக்காமல் கிடந்தார். திருப்பூரில் வேலை பார்க்கும் புருஷன் தீபாவளிக்குத்தான் வருவான் என்று சொல்லிவந்த ஒரு பெண்ணின் வீட்டில் ஏற்றிய கையோடு விளக்கு குளிர்ந்தது; அவனுக்கு அங்கே வேறு வீடு ஆகிவிட்டதென்று தெரு சொன்னது. அவள் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாவாட்டப் போனாள். கோயிலில் அந்தத் திரியைப் போட்ட அன்று கருவறை விளக்கு காலை பூஜை முடிந்தும் குளிரவில்லை, உச்சிப் பொழுதிலும் குளிரவில்லை, யார் இன்னும் உள்ளே வரவேண்டும் என்று ஒருத்தர் கேட்க, எந்தத் தெருக்காரர்கள் அந்தப் படியை மிதித்ததேயில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மறுநாள் கமிட்டியார் கோவில்பட்டியிலிருந்து வேறு திரி வாங்கிவந்தார்கள்.

சூரத்தில் முறுக்குக் கடையில் வேலை பார்த்த மகனுக்காக மேலத் தெருவில் ஒரு தாய் விளக்கை எரியவிட்டே வைத்திருந்தாள். இராப்பகலாக எரிந்தது. அவளுக்கு அது சந்தோஷம். எம்பிள்ளைக்கு இதுதான் வீடுன்னு விளக்கே சொல்லுது என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவாள். ஒருநாள் மத்தியானம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கண் முன்னால் விளக்கு போயிற்று. அவன் வாசலில் நிற்கிறானா என்று ஓடிப்போய்ப் பார்த்தாள். தெரு காலியாகக் கிடந்தது. அவள் போனுக்குக் காத்திருக்கவில்லை, அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். போன் பொழுது சாயத்தான் வந்தது. அன்றைக்கு மட்டும் யாரும் குளிர்ந்தது என்று சொல்லவில்லை.

அதன்பிறகு விளக்கேற்றும் நேரத்தில் தெருக்கதவுகளைச் சாத்தினார்கள். சாத்திய கதவைப் பார்த்து இன்னும் சந்தேகப்பட்டார்கள். ‘சாப்ட்டாச்சா’ என்று விசாரித்த ஊர் ‘குளுந்தாச்சா’ என்று விசாரிக்க ஆரம்பித்தது. அதைக் கேட்கிற குரலும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். சம்பந்தம் பேசப் போகிறவர்கள் வெற்றிலை பாக்கோடு ஒரு திரியையும் முடிந்துகொண்டு போனார்கள். வீட்டில் இத்தனை பேர்தான் என்று சொல்வீர்கள், சரி, இதை ஏற்றுங்கள், பார்ப்போம். ஏற்ற மாட்டேன் என்றால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. கூடத்தில் திரிக்குக் கிராக்கி ஏறியது. தவசி முனையை முறுக்கிக்கொண்டே இருந்தான்.

சுப்புத்தாயின் மகள் வினோதினிக்கு முன்னால் வந்த இடங்களெல்லாம் தவசியைப் பார்த்துவிட்டு, காபியை மட்டும் குடித்துவிட்டுப் போயின. ஒரு இடத்துக்காரர் மட்டும் படியிறங்கும்போது வாய்விட்டே சொன்னார்: ரத்தத்துல ஓடும்லா, நாளைக்குப் பேரப்பிள்ள இப்பிடிப் பொறந்தா? அந்த வார்த்தை சுப்புத்தாயின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. சாத்தூர் இடம் நல்ல இடம். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருத்திதான் எல்லாவற்றையும் துருவுவாளாம். அவள் கையில் திரி இல்லாமல் பஸ் ஏற மாட்டாளாம்.

“தவசிய அன்னைக்கு மட்டும் எங்கயாச்சும் அனுப்பிருவோம்,” என்றார் குருசாமி. அவர் பருத்திவிதை, புண்ணாக்குக் கடை வைத்திருந்தார். எதையும் மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டால் தீர்ந்தது என்பது அவர் எண்ணம்.

“அனுப்பிட்டா வெளக்குக் குளிராதுங்க. யாரு வரணும்னு அந்தப் பொம்பள கேப்பா.”

“அப்ப வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். பின்கட்டுச் சரக்கு ரூம்ல பஞ்சக் குடுத்து உக்கார வச்சிருவோம். வெளக்கும் குளுந்துரும், அவுகளும் பாக்க மாட்டாக.”

“சித்தப்பா முன்னாலயே இருக்கட்டும்மா. பிடிச்சா கட்டட்டும், இல்லன்னா போகட்டும்,” என்றாள் வினோதினி.

“நீ சும்மா இருடி,” என்றாள் சுப்புத்தாய். அதைச் சொல்லும்போது மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

யோசனை நல்ல யோசனைதான். ஒன்றே ஒன்றுதான் இடித்தது. பெண் வீட்டைப் பற்றி டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் விசாரிக்காமல் யாரும் வருவதில்லை; தவசியோ, தெருவில் யார் போனாலும் கையைப் பிடித்து நிறுத்தி, பச்சைக் கதவு போட்ட வீட்டைக் காட்டி, “அது என் வீடு” என்று சொல்கிறவன். அந்த ஊரில் நாய்க்குக்கூட அவன் அதைச் சொல்லியிருப்பான். விசாரிக்க வருகிறவர்கள் அவன் கையில் சிக்கினால் போச்சு. ஆகவே சுப்புத்தாய் அவனுக்குக் கற்றுக்கொடுப்பதென்று முடிவு செய்தாள்.

அடுப்படி வாசலில் அவனை உட்கார வைத்து, கிருபை டீச்சரின் முறைப்படியே ஆரம்பித்தாள். கடைசித் துண்டு முதலில். “இல்ல,” என்று சொல்ல வைத்தாள். அது எளிது. கடலை மிட்டாய். “வீடு இல்ல.” கடலை மிட்டாய். அடுத்த துண்டில்தான் அவன் நின்றான். “என் வீடு” என்றதும் அவன் முகம் மலர்ந்துவிடும், அதற்குப் பின்னால் ஒரு ‘இல்ல’ வரவேண்டும் என்பது அவனுக்குச் சிரிப்பாக வந்தது. விளையாட்டு என்று நினைத்து அவள் கன்னத்தைத் தட்டினான். அவள் சிரிக்கவில்லை. வார்த்தையை மாற்றாமல், இடத்தை மாற்றாமல், ஒவ்வொரு சாயங்காலமும் அதையே கேட்டாள். பச்சைக் கதவைக் காட்டி, அது யார் வீடு? அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, பொத்தான் போடப் பழகிய நாட்களில் பட்ட அதே பாடு பட்டான். ஒருநாள் வியர்த்து வழிய, தடங்கலில்லாமல் சொன்னான்: “அது என் வீடு இல்ல.” அவள் அவன் தோளைத் தட்டிச் சபாஷ் என்றாள். இரண்டு துண்டு மிட்டாய் கொடுத்தாள். அன்றைக்கு ராத்திரி பையில் மிஞ்சிய ஒரு துண்டை அவள் வாயில் போட்டாள், கசந்தது. பாகு முற்றிப்போன மிட்டாய் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் வேன் வருமுன்பே விளக்கு குளிர்ந்துவிட்டது. வேன் தெருமுனையில் திரும்பியிருக்கும், சத்தம் கேட்கவில்லை என்று விட்டுவிட்டாள். பாலையும் தராசையும் பூட்டையும் சந்தேகப்பட்ட மனுஷி அதைச் சந்தேகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சாத்தூர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். தவசி சரக்கு ரூமில் புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவே ஒரு கூடை பஞ்சோடு உட்கார்ந்திருந்தான்; யாராவது பார்த்துக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதை அவள் கடைசியாக ஒருதடவை கேட்டு, மிட்டாய் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். வினோதினி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். பஜ்ஜியும் கேசரியும் வந்தன. பெரியம்மாக்காரி வீட்டின் மூலைகளையெல்லாம் கண்ணாலேயே பெருக்கி முடித்துவிட்டு, இடுப்பிலிருந்து திரியை எடுத்தாள்.

“தப்பா எடுத்துக்கிடாதீங்க மதினி. எல்லா எடத்துலயும் செய்யறதுதான்.”

“இதுல என்ன மதினி. ஏத்துங்க,” என்றாள் சுப்புத்தாய். தீப்பெட்டியை அவளே எடுத்து நீட்டினாள்.

விளக்கு ஏறியது. மாப்பிள்ளைகூடப் பெண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுடரைப் பார்த்தான். அது நிமிர்ந்து நின்று, இரண்டு மூச்சு விடும் நேரம் எரிந்து, மெதுவாகத் தாழ்ந்து அடங்கியது. புகை ஒரு நூலாக மேலே போயிற்று.

“குளுந்துருச்சு,” என்றாள் பெரியம்மாக்காரி. முதல்முறையாகச் சிரித்தாள். “நெறஞ்ச வீடு.”

சுப்புத்தாய்க்கு உயிர் வந்தது. பாவம் பிள்ளை, வெக்கையில் உட்கார்ந்திருக்கும் என்று ஒரு தட்டில் கேசரியை அள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தாள். புண்ணாக்கு மூட்டைகள் இருந்தன. கூடை இருந்தது. பாதி முறுக்கிய திரி ஒன்று தரையில் கிடந்தது. தவசி இல்லை. கிணற்றடிக்குப் போகும் கொல்லைக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

ஆள் உள்ளே இல்லை. விளக்கோ போய்விட்டது. அவளுக்கு மேலத் தெருக்காரி வாசலில் நின்று காலித் தெருவைப் பார்த்தது ஞாபகம் வந்தது. கிணற்றுக்கு ஓடினாள். எட்டிப் பார்த்தாள். தண்ணீர் ஆடாமல் கிடந்தது, அதில் அவள் தலை மட்டும் தெரிந்தது. ஆடாமல் கிடப்பதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கிணறு அந்தப் பெயரையே திருப்பிச் சொன்னது.

கேசரித் தட்டோடு அவள் முன்கட்டுக்குள் வந்து நின்ற கோலத்தைப் பார்த்துக் குருசாமி எழுந்துவிட்டார். கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்றார். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

“எம்பிள்ளையக் காணோம். வெளக்கு அணஞ்சு போச்சு, எம்பிள்ளையக் காணோம்.”

“எந்தப் பிள்ள?” என்றாள் பெரியம்மாக்காரி.

சுப்புத்தாய் பதில் சொல்ல நிற்கவில்லை. வினோதினி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே ஓடினாள். தெருவில் கதவுகள் திறந்தன, என்ன என்ன என்று கேட்டார்கள், தவசியைக் காணோம் என்றதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கண்மாய்க்குச் சிலர், ரயில்வே லைனுக்குச் சிலர். அத்தனை நாள் ஒருத்தர் வீட்டை ஒருத்தர் உளவு பார்த்த ஊர் அந்த அரைமணி நேரம் அதை மறந்திருந்தது. சுப்புத்தாய் அழவில்லை. வாய் மட்டும் ஓயாமல், நான் கொன்னுட்டேன், நான் கொன்னுட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்தது.

தவசி தீப்பெட்டி ஆபீஸ் கட்டடத்தின் பூட்டிய கேட்டுக்கு முன்னால், படியில் கால்களைச் சேர்த்து உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாரும் இல்லை. வெயில் முகத்தில் அடித்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து, “எல்லாரும் வரலை,” என்று புகார் சொன்னான்.

அவள் அவனைத் தடவிப் பார்த்தாள். தலையை, தோளை, கையை. ஈரம் இல்லை, காயம் இல்லை. சூடான, வியர்த்த, உயிருள்ள உடம்பு. அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே கேட்டாள், “ஏன்யா வெளிய வந்த? உள்ள இருன்னுதான சொன்னேன்.”

“ஆளுக வந்தாக,” என்றான் தவசி. “அது என் வீடு இல்ல. அதான் வந்துட்டேன்.”

பின்னால் மூச்சிரைக்கச் சாத்தூர்ப் பெரியம்மாவும் வந்து நின்றாள். கூட்டமும் சேர்ந்துவிட்டது. “இது யாரு மதினி?” என்றாள் பெரியம்மாக்காரி.

சுப்புத்தாய் மூக்கைச் சிந்தித் தலைப்பில் துடைத்தாள். பொய் சொல்ல அவளிடம் தெம்பு மிச்சமில்லை. “என் கொழுந்தன். எங்க வீட்டுலயே பொறந்து வளந்தவன். நான் வளத்த பிள்ள.”

“இல்ல மதினி,” என்றான் தவசி. கூடத்தில் யாராவது பஞ்சைத் தப்பாக இழுத்தால் எப்படிப் பொறுமையாகத் திருத்துவானோ அப்படியே திருத்தினான். “அது என் வீடு இல்ல.” சொல்லிவிட்டு உள்ளங்கையை நீட்டினான்.

சரியாகச் சொன்னால் கொடுக்க வேண்டும். அதுதான் முறை. அவள் கை தானாக இடுப்புப் பைக்குள் போய், தானாக ஒரு துண்டை எடுத்து, அவன் கையில் வைத்தது. வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது. விளக்கு ஏன் குளிர்ந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பெரியம்மாக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருத்தி சொல்வது பொய்யாக இருக்க வேண்டும், இல்லை ஒருத்தன் சொல்வது. அவனைப் பார்த்தால் பொய் சொல்கிறவனாகத் தெரியவில்லை. “எது எப்பிடியோ, வெளக்கு அவர் பக்கம்தான சாட்சி சொல்லிருக்கு,” என்றாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. ரத்தம் என்றால் விளக்குக்குத் தெரியாமலா போகும்? வினோதினி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள்; மூன்றாம் நாள் மாப்பிள்ளையே போன் போட்டுச் சித்தப்பாவைப் பற்றிக் கேட்டு, வெகுநேரம் பேசின பிறகு சம்மதித்தாள். தை மாதம் கல்யாணம் நடந்தது. தவசி புதுச் சட்டையில், எல்லாப் பொத்தானும் போட்டுக்கொண்டு, பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்து சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் அண்ணனிடம் வந்து, நான் போகட்டுமா என்று கேட்டான்.

ஊர் இதற்கும் பழகிவிட்டது. ‘குருசாமி வீட்டுல ஒருத்தர் தங்கியிருக்காரே’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அவன் அந்த வீட்டில் பிறந்ததைப் பார்த்தவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். விளக்கே குளிர்ந்த பிறகு நமக்கென்ன. வேன் அவனைப் பச்சைக் கதவு வீட்டில்தான் இறக்கிவிடுகிறது. அவன் செருப்பைத் தெருவோரமாக, விருந்தாளி மாதிரி, ஜோடி சேர்த்து விடுகிறான். கூப்பிடும்வரை வாசலிலேயே நிற்கிறான். தண்ணீர் வேண்டுமென்றாலும் கேட்டுவிட்டுத்தான் மொள்ளுகிறான். எல்லாரும் வந்தாச்சா என்று அந்த வீட்டில் கேட்பதில்லை. அதைக் கேட்கிற இடம் வேறு.

சுப்புத்தாய் தினமும் பொழுது சாய்கையில் தவசி முறுக்கிய திரியை மாடத்தில் ஏற்றுகிறாள். சமயங்களில் குருசாமி கடையிலிருந்து வந்திருக்க மாட்டார், அவர் வரும்வரை எரியும். அவர் வந்து செருப்பைக் கழற்றியதும் குளிர்ந்துவிடும். வேன் வர இன்னும் நேரம் இருக்கும். மறுபடி ஏற்றுவாள். மறுபடி குளிரும். எதிர்வீட்டுக்காரிகள் பார்ப்பது தெரிந்தும் கதவைச் சாத்துவதில்லை.

கிருபை டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவர், “நீங்க ரொம்ப நல்லாக் கத்துக்குடுத்துட்டீங்கம்மா,” என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதனால் அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். அதே அடுப்படி வாசல், அதே வார்த்தை. நேற்றுச் சாயங்காலமும் வேன் வந்தது. விளக்கு அதற்கு முன்பே குளிர்ந்திருந்தது. அவனை உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்து, பச்சைக் கதவைக் காட்டி, “அது யாரு வீடு தவசி?” என்று கேட்டாள்.

“அது என் வீடு இல்ல,” என்றான். ஒரு தடங்கலும் இல்லை. முகமெல்லாம் சந்தோஷமாகக் கையை நீட்டினான்.

அவள் சுருக்குப் பையை இறுகப் பிடித்துக்கொண்டாள், ஒன்றும் கொடுக்கவில்லை.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். வெறும் உள்ளங்கையைப் பார்த்தான். வார்த்தை மாறவில்லை, இடம் மாறவில்லை, எங்கோ தான் தப்புச் செய்துவிட்டோம் என்று மட்டும் அவனுக்குப் புரிந்தது. கையை மடக்கிக்கொண்டு, குனிந்து, சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தன.